ஒச்சப்பனின் வீட்டு வண்டி

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டியவர் ஒச்சப்பன். அந்த வண்டிக்கு நான் நர்ஸ். ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்துவிட்டு வருவோம். எங்கே வலிக்கிறது என்று நான் நோயாளியைக் கேட்டால், எப்படி வலிக்கிறது என்று அவர் பின்னால் நின்று கேட்பார். "குத்துதா, இழுக்குதா, எரியுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." டாக்டர் கேட்காததெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். நோயாளிகளோ என்னை விட்டுவிட்டு அவரிடம்தான் விலாவாரியாகச் சொல்வார்கள்.

வண்டி யுத்த காலத்துப் பட்டாள வண்டி. ஏலத்தில் எடுத்து, உள்ளே கட்டில், அலமாரி, கை கழுவும் தொட்டி, ஸ்டவ் வைக்க ஒரு பலகை, ஜன்னலுக்குத் திரை என்று வீடாகவே ஆக்கியிருந்தார்கள். பகலில் ஆஸ்பத்திரி, வேலை முடிந்தால் ஒச்சப்பனின் வீடு. மனைவி இறந்தபின் காரியாபட்டிக் குடிசையை விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர், அதற்குள்ளேயே குடியிருந்தார். நான் ரோட்டுப் புழுதி படிந்த செருப்போடு விறுவிறுவென்று ஏறி இறங்குவேன். இறங்கியதும் அவர் துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவார்.

1962-இல் அந்த வண்டி அடிக்கடி வழியில் நின்று மானத்தை வாங்கியது. கமிட்டிச் செயலாளர் ராஜசிங் ஐயா ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய இரும்பு யாவாரி வாராரு. அதுக்குள்ள இன்னொரு தடவை நின்னுச்சுன்னா அவர்கிட்ட தள்ளிவிட்டுருவோம்."

ஒச்சப்பன் தலையை மட்டும் ஆட்டினார். அவர் எங்கே போவார் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முகாம். காவல்காரர் முனியசாமி கேட்டிலேயே மறித்து இன்ஜினை அணைக்கச் சொன்னார். அங்கே எந்த லாரியும் இன்ஜின் ஓட உள்ளே போகக் கூடாதாம். ஆட்களே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனார்கள். என் காலைப் பார்த்தும் ஒரு அதட்டல்.

"செருப்பைக் கழத்துங்க சிஸ்டர். ஆணி ஒரசுனாப் போதும், அம்புட்டுப் பேரும் போயிருவோம்."

பயந்துபோய்க் கழற்றிக் கேட்டோரம் போட்டுவிட்டு, சுடுமண்ணில் தத்தித் தத்தி நடந்தேன்.

பன்னிரண்டரைக்கு முகாம் முடிந்தது. மறுபடி ஆட்கள் வண்டியை வெளியே ஒரு வேப்பமரம் வரை தள்ளிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். முனியசாமி சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார். ஒச்சப்பன் ஸ்டார்ட் செய்தார். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. எத்தனை முறை செய்தாலும் அதே இரண்டு இருமல்தான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி நீலமாக நன்றாகவே விழுந்தது. பெட்ரோல் குழாயில் வாய் வைத்து ஊதிக் காறித் துப்பினார், பெட்ரோலும் வந்தது. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். காற்று போகும் வழியையும் சுத்தம் செய்தார். மணி மூன்றை நெருங்கியது. ஆஸ்பத்திரி இருக்கும் விருதுநகர் போக அந்த வண்டிக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

"பொறி இருக்கு, எண்ணெய் இருக்கு, காத்தும் போகுது. பெறகு என்ன கேக்குது இது?" என்று வண்டியிடமே கேட்டார். முகத்தில் கவலையைவிட ஆச்சரியம்தான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"போனாப் போகுது ஒச்சப்பன். மிஷன்ல புது வண்டி வாங்குவாங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "புது வண்டியில கட்டில் இருக்குமா சிஸ்டர்?"

நான் மரத்தடியில் இருந்த நோயாளியைப் பார்க்கத் திரும்பினேன்.

அங்கே ராக்காயி உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் பட்டாசுப் பெட்டி ஒட்டும் பெண். மூச்சு இளைப்பு அதிகமாக இருந்ததால் மாத்திரை கொடுத்து உட்கார வைத்திருந்தேன். வண்டி மானம் போகிற நேரத்தில் ஒச்சப்பன் அவளிடம் போய்க் குத்தவைத்தார்.

"ஏத்தா, ஒனக்கு மூச்சு உள்ள போறது கஷ்டமா, வெளிய வாரது கஷ்டமா?"

"உள்ள எப்படியோ போயிருதுண்ணே. வெளிய வரத்தான் மாட்டேங்கு. நெஞ்சுக்குள்ளயே முட்டிக்கிட்டு நிக்கி."

ஒச்சப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். "சிஸ்டர், உள்ள போறதை மட்டுந்தான் இம்புட்டு நேரமும் பாத்திருக்கேன்! இந்தக் கம்பியைச் சுத்துங்க."

நர்ஸ் படிப்பில், வண்டி முன்னால் மாட்டி இன்ஜினைச் சுழற்றும் கிராங்க் கம்பியைச் சுற்றச் சொல்லித் தரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றினேன். அவர் வண்டிக்குப் பின்னால் படுத்து, சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தார். காற்றே வரவில்லை. ஒரு குச்சியை விட்டு நோண்டி இழுத்தார். இறுக்கிச் சுருட்டிய ஈரச் சாக்கு ஒன்று வந்தது.

அந்த நேரம் பார்த்து முனியசாமி சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். "அட, இன்னுமா எடுக்கலை? பொகைக் கொழாயில இருந்து பொறி விழுந்துரும்னு எந்த லாரி வந்தாலும் நாந்தான் கேட்டுல வச்சு அடைப்பேன். வெளிய வந்ததும் லாரிக்காரவுக அவுகளே எடுத்துருவாக. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

எனக்கு அந்த மனிதரை நாலு அறை விடலாம் போலிருந்தது. ஒச்சப்பன் கேட்டது வேறு: "காஞ்ச சாக்கு ஆகாதாண்ணே?"

வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. ஆனாலும் விருதுநகர் சேரும்போது நாலேகால். யாவாரி வந்து உட்கார்ந்திருந்தார்.

"நின்னுச்சா, இல்லையா?" என்றார் ராஜசிங் ஐயா.

இல்லை என்று சொல்ல மாட்டாரா என்று நான் தவித்தேன். "நின்னுச்சுங்கய்யா" என்று ஆரம்பித்து, சாக்கைக் காட்டி, ராக்காயியின் இளைப்பு வரை ஒன்றுவிடாமல் சொன்னார் ஒச்சப்பன்.

யாவாரி கதையை ரசித்துக் கேட்டார். வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் தலை சாய்த்துக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஓடுற வண்டியை ஒடைக்க மனசு வராதுங்க. உசுரு போனதும் சொல்லியனுப்புங்க."

திங்கட்கிழமை காலையில் முகாமுக்குக் கிளம்ப வந்தேன். அந்தச் சாக்கு துவைத்துக் காய்ந்து, நாலாக மடிந்து, வண்டிப் படியில் கால் துடைக்கக் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. செருப்பைக் கீழே கழற்றிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

உள்ளே ஸ்டவ் பற்ற வைத்துக்கொண்டிருந்த ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தார். அவரால் கேட்காமல் இருக்க முடியுமா?

"இங்கன வெடிமருந்து ஒண்ணும் இல்லையே சிஸ்டர், எதுக்குச் செருப்பைக் கழத்துதீக?"

"இது ஒங்க வீடுல்லா" என்றேன்.