பஸ் நின்ற வாரத்தில் லில்லியின் பியானோ பரீட்சை

பரீட்சை வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை பாறசாலைச் சந்தியில் நாங்கள் பெட்டியோடு போய் நின்றபோது, பஸ் ஓடாது என்று சொன்னார்கள். நெய்யாற்றின்கரைக்குப் போகிற சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கடைகளில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடம் அது. நாளைக்காவது ஓடுமா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. என் தங்கை லில்லி பெட்டியின் மேல் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நான் மூத்தவள், அதனால் அழவில்லை.

அன்பான சபையாரே, பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பாடுபடுகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தமும் சளியும் பரிசோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுப்பது என் தொழில். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொல்லயிலில். அப்பா உபதேசியாராக இருந்தவர். அதற்கு முந்தின வருடம் காலமானார். அம்மா, நான், பதினைந்து வயது லில்லி, பத்து வயது ரூபி, இவ்வளவுதான் நாங்கள். மிஷன் நடத்தும் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில், ஆராதனைக்குப் பியானோ வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு விடுதியோடு இலவசமாக ஓர் இடம் உண்டு. லண்டன் இசைப் பரீட்சையில் ஐந்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பரீட்சை நடத்துகிற வெள்ளைக்காரச் சாயிப்பு வருடத்துக்கு ஒரு தடவைதான் கப்பலேறி வருவார். லில்லி அந்த வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் போய் வாசிக்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அவளைப் படிக்க வைக்க எங்களுக்கு வேறு வழி இல்லை. ரூபிக்கு அதில் முதல் வகுப்புப் பரீட்சை. அக்கா போகிறாள் என்று அவளும் அடம்பிடித்துச் சேர்ந்தவள்.

எங்கள் வேதக்கோயிலில் பியானோ கிடையாது. கால் ஆர்மோனியம்தான். கீழே உள்ள இரண்டு மிதிகளையும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்தால் காற்று ஏறும். கால் நின்றால் சத்தமும் நின்றுவிடும். போதகரின் மனைவி, எங்கள் போதகரம்மா, சிறுவயதில் போர்டிங்கில் பியானோ படித்தவர். சனிக்கிழமைதோறும் அவர்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற நாட்களில் பயிற்சிக்கு நான் பொறுப்பு. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த சுரவரிசையை எத்தனை தடவை வாசித்தார்கள், எந்த இடத்தில் விரல் தட்டியது என்று ஒரு தாளில் எழுதிவைப்பேன்.

"அக்காக்கு எங்களையும் குப்பியில அடச்சு லேபிள் ஒட்டணும் போல" என்பாள் லில்லி.

ரூபிக்குக் கால் எட்டாது. அதனால் அவள் வாசிக்கும்போது நான் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் மிதிகளை அமுக்குவேன். மேலேயிருந்து அதிகாரம் வரும்: "அக்கா, காத்து காணாது! நல்லா அமுக்கு! சாப்பிடலியா?"

திங்கட்கிழமையே போய், போதகரம்மாவுக்குத் தெரிந்த ஓர் அம்மாள் வீட்டில் தங்கி, அங்கே இருக்கும் பியானோவில் மூன்று நாள் பழகுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் இருவரும் அதுவரை பியானோவைத் தொட்டதில்லை. கட்டைகள் ஒன்றுதானே, சத்தம்தானே வேறு என்று நான் நினைத்திருந்தேன். முந்தின வாரமே போயிருக்கலாம். லேபில் வேலை கிடந்தது என்று தள்ளிப்போட்டது நான்.

அன்று மாலை முழங்காலில் நின்றேன். ஆஸ்பத்திரி ஸ்டோருக்கு எழுதிக்கேட்பதுபோல் வரிசையாகக் கேட்டேன். நாளைக்குப் பஸ் ஓட வேண்டும். இல்லையென்றால் ஒரு லாரி. பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது பியானோ கிடைக்க வேண்டும். பரீட்சை நடத்துகிறவர் நல்லவராக இருக்க வேண்டும். சபையாரே, இந்த வரிசையில் முதல் மூன்றும் கிடைக்கவில்லை.

செவ்வாய் விடியும்போது சந்தியில் விசாரித்துவிட்டு வந்து, நடக்கலாம் என்று சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொச்சு பிள்ளையள கூட்டிட்டு திருவனந்தபுரத்துக்கு நடக்கப்போறியா? மண்டைக்குச் சுகமில்லியா மக்கா?"

"ரெண்டு நாள்ல போய்ச் சேரலாம் அம்மா. கணக்குப் பார்த்தாச்சு."

"உன் கணக்கு, பெண்ணு பாக்க வந்தவனயே ஓட வச்ச கணக்காக்கும்."

சொன்னாளே தவிர, அவித்த மரச்சீனிக் கிழங்கை இலையில் கட்டிக் கையில் தந்தாள். எங்கள் மூன்று பேர் தலையிலும் கை வைத்தாள். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கென்று லில்லிக்குப் புது சூஸ் வாங்கியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் போட்டு வருவார்கள் என்று நானாக வாங்கியது. பிறந்ததுமுதல் வெறுங்காலில் நடந்த பிள்ளை அவள். போட்டுப் பழகட்டும் என்று அந்தச் சூஸோடு அவளை நடக்க வைத்தேன். மத்தியானத்துக்குள் கடிக்கிறது என்றாள். "புதுசு அப்படித்தான் இருக்கும். நடந்தா சரியாவும்" என்றேன்.

நெய்யாற்றின்கரைப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் நிறுத்தியது. ஒரு போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து இசைத் தாள்களை எடுத்தார். ஐந்து கோடுகளும் புள்ளிகளும் வாலுமாக இருந்த தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதெந்தா? தமிழோ மலையாளமோ?"

அந்த நாட்களில் இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் ஆபத்து. ரூபி முந்திக்கொண்டாள்: "ரெண்டும் இல்ல சாரே. பாட்டாக்கும்."

பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். தாள்கள் திரும்பக் கிடைத்தன. ஆனால் பாலத்தைக் கடக்க விடவில்லை. ஆகவே தெற்கே திரும்பி, தோட்டங்கள் வழியாகச் சுற்றி நடந்து, தோணியில் ஆற்றைக் கடந்து, காஞ்சிரங்குளத்தில் சபைக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ரூபியைப் பாதி வழி நான் இடுப்பில் தூக்கியிருந்தேன். லில்லியின் சூஸைக் கழற்றினேன். இரண்டு பெருவிரல்களுக்கு அடியிலும் பாதத்தின் தோல் கொப்புளமாகி, உடைந்து, காலுறையோடு ஒட்டியிருந்தது. ரத்தம் பார்த்துப் பழகியவள் நான். அன்று பார்க்க முடியவில்லை.

"போவட்டும் அக்கா. கை விரலு நல்லாத்தானே இருக்கு" என்றாள் என் தங்கை.

புதன்கிழமை பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு நடந்தாள். மாலையில் திருவனந்தபுரம் சேர்ந்தோம். பியானோ வைத்திருந்த அம்மாள், இந்தக் கலவரத்தில் நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போயிருந்தார். பக்கத்து வீட்டார் இரக்கப்பட்டு இடம் தந்தார்கள். அன்று நான் ஜெபிக்கவில்லை. கேட்டதொன்றும் நடக்கவில்லை, இனி என்ன கேட்பது என்று இருந்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை லில்லியின் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். வீங்கிய கால் சூஸுக்குள் நுழையவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலோடு பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வராந்தாவில் அந்தப் பள்ளியின் இசை டீச்சர் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். முதலில் ரூபியைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள்.

ஒரு சத்தமும் இல்லை. என் மூச்சை எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபது. இன்னும் சத்தமில்லை. பிறகு ஒரே ஒரு சுரம் கேட்டது. மறுபடியும் அமைதி. அதன்பின் அவளுடைய சுரவரிசை குடுகுடுவென்று ஓடி வந்தது.

வெளியே வந்தவளுக்குக் கண் இரண்டும் விரிந்திருந்தன.

"அக்கா, உள்ள யாருமே மிதிக்கல்ல! நீ இல்லாம எப்படி வாசிக்கதுன்னு இருந்தேன். சாயிப்பு என்னப் பாக்காரு, நான் சாயிப்பப் பாக்கேன். பின்ன சும்மா ஒரு கட்டய அமுக்கினேன். அது தானே பாடுது!"

டீச்சர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. லில்லியைப் பார்த்தார். "ஹார்மோனியத்தில் படிச்ச குட்டிகளா? பியானோ தொட்டதே இல்லே?"

அவர் மலையாளத்தில் விளக்கியதை இங்கே தமிழில் தருகிறேன். பியானோவுக்குக் காற்று வேண்டாம். அதிலும் கீழே மிதி உண்டு. ஆனால் அதை அமுக்கினால் வாசித்த சுரம் அடங்காமல் நின்றுகொண்டே இருக்கும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று எல்லாம் குழம்பிப்போகும். கிராமத்துக் கோயில்களிலிருந்து வருகிற பிள்ளைகள் பழக்கத்தில் அதை மிதித்துக்கொண்டே வாசிப்பார்கள். நிறுத்தச் சொன்னாலும் கால் நிற்பதில்லை. நல்ல பிள்ளைகள் பலர் இதனாலேயே தோற்றுப்போகிறார்கள்.

"மிதிக்காதே லில்லி. கவனமா இரு" என்றேன்.

"என் காலு என்கிட்ட கேட்டுட்டா மிதிக்கி? கை வச்சா கால் போவும் அக்கா. ஆறு வருஷமாக்கும்." அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஆறு வருடம். நாள் தவறாமல் அவளைப் பயிற்சிக்கு உட்கார வைத்தவள் நான். சரியென்று நினைத்து நான் பழக்கிய பழக்கமே அவளைக் கெடுக்கப்போகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. சுவரில் நெற்றியை வைத்தேன். ஒரு வரிதான் வந்தது. "ஆண்டவரே, அவள் கால்களைப் பிடித்துக்கொள்ளும்."

உள்ளே முதல் சத்தம் எழுந்தது. டீச்சர் சொன்னபடியே ஒரே குழப்பம், ஒன்றின்மேல் ஒன்றாக. உடனே "ஸ்ஸ்" என்று லில்லியின் குரல். எல்லாம் நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் மறுபடியும் தொடங்கினாள்.

மைக்ராஸ்கோப்பில் முதலில் எல்லாம் மங்கலாகத் தெரியும். திருகைத் திருப்பிக்கொண்டே இருக்கும்போது ஒரு நொடியில் ஒவ்வொரு உயிரணுவும் தன் விளிம்போடு தெளிந்து நிற்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நிற்கும். அன்று அது என் காதில் நடந்தது. ஆயிரம் தடவை நான் கேட்ட அதே பாட்டு. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்தது, வந்து அடங்கியது, அடுத்ததற்கு இடம் விட்டது. டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வந்த லில்லி என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மிதியில கால் வச்சதும் உயிரு போச்சு அக்கா. புண்ணு அப்படியே அதில பட்டுது. பின்ன வைக்கவே முடியல்ல. ரெண்டு காலயும் ஸ்டூலுக்கு அடியில மடக்கிட்டேன். சாயிப்பு குனிஞ்சு கால்கட்டப் பாத்தாரு. திருப்பித் தொடங்குன்னு கை காட்டினாரு." பிறகு மெல்ல, "அந்தப் பாட்டு இப்படியாக்கும் இருக்கும்னு எனக்கே தெரியாது" என்றாள்.

நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ் ஓடியிருந்தால் கால் புண்ணாகியிருக்காது. பாலத்தில் விட்டிருந்தால் இவ்வளவு தூரம் சுற்றியிருக்க மாட்டோம். மூன்று நாள் பழகியிருந்தால் ஆறு வருடப் பழக்கம் போயிருக்குமா? அது எனக்குத் தெரியாது. தேவன் ஒரு பிள்ளையின் காலைப் புண்ணாக்கினார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். புண்ணாக்கியது நான், என் சூஸ், என் பிடிவாதம். ஆனால் நான் கெடுத்து வைத்ததையே அவர் எடுத்து, நான் கேட்ட அந்த ஒரு வரிக்குப் பதிலாக வைத்தார். அந்த வரியை நான் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே, காஞ்சிரங்குளம் போகும் வழியிலேயே, பதில் தயாராகியிருந்தது. இதை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வருகிறது. நல்ல பயம். பெரிய ஒருவருக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரியும்போது வருகிற பயம்.

சில வாரங்கள் கழித்துத் தபாலில் ரிசல்ட் வந்தது. இரண்டு பேரும் தேறியிருந்தார்கள். லில்லியின் தாளில், வாசிப்பு மிகத் தெளிவு என்று எழுதியிருந்தது. அதன்கீழே, சில இடங்களில் மிதியை உபயோகித்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "அந்தச் சாயிப்புக்கும் உன்னப் போல ஒரு குத்தம் எழுதாம உறக்கம் வராது" என்றாள். சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

லில்லி பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். எல்லைக்கோடும் வரைந்தாயிற்று. நாங்கள் கேரளத்தில் இருக்கிறோம், கோயிலில் தமிழில் பாடுகிறோம். இப்போது கொல்லயிலிலிருந்தும் பக்கத்து ஊரான காரோட்டிலிருந்தும் நான்கு பிள்ளைகள் போதகரம்மாவிடம் படிக்கிறார்கள். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பியானோவில் உட்கார வைக்கிறேன். செய்யவேண்டியதைச் செய்யாமல் ஜெபம் மட்டும் பண்ணுவது விசுவாசம் அல்ல என்பதையும் அந்த வாரம்தான் எனக்குக் கற்றுத்தந்தது. ஆனால் எல்லாம் செய்து முடித்த பிறகும், எந்தப் பிள்ளையும் தனியாக உள்ளே போகிற ஒரு நேரம் வரும்.

உங்கள் பிள்ளைக்கும் அது வரும். பேனாவில் மை ஊற்றி, முடியை ஒதுக்கி, நெற்றியில் முத்தம் கொடுத்து அனுப்புவீர்கள். கதவு சாத்தப்படும். தாயும் போக முடியாது, அக்காளும் போக முடியாது. பயப்படாதேயுங்கள். ஒரே ஒரு வரி சொல்லுங்கள், போதும். நான் வெளியே நின்றேன், ஆண்டவர் உள்ளே இருந்தார். அதை என் காதால் கேட்டேன்.