அக்கரை வரை போன சோதனைப் பதிவு

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அக்காவுக்குக் கணினி நிரல் எழுதத் தெரியும் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். மாலை வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டவர். "டிக்கெட் கிழிக்கிற கைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்ட சொந்தக்காரர்கள், இன்று அவருடைய இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டே கிளம்புகிறார்கள்.

படகோட்டி அவருடைய சொந்தத் தம்பி. கயிற்றை அவிழ்த்ததும் துறையில் இருக்கும் பொத்தானை அழுத்துவான். உடனே அக்காவின் நிரல், சமூக வலைத்தளம் ஒன்றில் 'படகு புறப்பட்டது' என்று பதிவு போடும். காற்று பலமாக அடித்தால் 'படகு இல்லை' என்று போடும். அக்கரைக்காரர்கள் வெயிலில் காய வேண்டியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தத் தளத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வெளியார் எழுதிய நிரல்கள் உள்ளே நுழைந்து பதிவு போடும் வழியான ஏபிஐயை மாற்றப் போகிறார்களாம். அடுத்த மாதம் பழைய வழி அடைபட்டுவிடும். விஷயம் படகுத்துறை மேலாளர் காதுக்கு எட்டியது.

"இங்க பாரும்மா, ஒரே ஒரு தப்புத் தகவல் போனாலும் பக்கத்தை மூடிடுவேன். அப்புறம் பழையபடி போன்தான். நீதான் எடுத்துப் பதில் சொல்லணும்."

ஒரு கையில் டிக்கெட்டும் மறு கையில் ஓயாமல் அலறும் போனுமாக இருந்த காலத்தை அக்கா மறக்கவில்லை. அன்றே வேலையில் இறங்கினார். அறிவிப்பை வரி வரியாகப் படித்தார். கடைசிப் பகுதியை மட்டும், பெரிய நிறுவனங்களுக்கானது என்று எண்ணித் தள்ளிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? பழைய வழியில், 'வெளியிடு' என்று சொல்லும்வரை பதிவு உள்ளேயே நிற்கும். புதிய வழியில், 'நிறுத்து' என்று சொல்லாவிட்டால் நேரே ஊருக்கெல்லாம் போய்விடும். அந்தச் சங்கதி அந்தப் பகுதியில்தான் இருந்தது.

நிரல் எழுதுகிறவர்கள் சோதனைக்கு வாய்க்கு வந்ததை எழுதுவது வழக்கம். அக்காவும், 'சோதனை: படகோட்டி இன்னும் பல் தேய்க்கவில்லை', 'சோதனை: மேலாளர் நாற்காலியில் தூங்குகிறார்' என்று இரண்டை அனுப்பிப் பார்த்தார்.

படகு திரும்பியதும் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா! என் பல்லு விஷயம் அக்கரை வரைக்கும் போயிடுச்சு. ஏறுனவங்க எல்லாம் என் வாயையே பாக்குறாங்க!"

அக்கா சட்டென்று கணினிக்குத் திரும்பினார். பக்கத்தைத் திறந்தால், இரண்டும் பளிச்சென்று நிற்கின்றன. அழிக்கக் கை போவதற்குள் மேலாளர் கைப்பேசியும் கையுமாக ஜன்னலுக்கு வந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"தப்புத் தகவல் போனா மூடிடுவேன்னு சொன்னேனா இல்லையா?"

அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னீங்க சார். ஆனா... இதுல தப்பு எது சார்?"

வரிசை கொல்லென்று சிரித்தது. மேலாளரின் கன்னத்தில் நாற்காலிச் சாய்வின் பின்னல் தடம் இன்னும் மறையவில்லை.

"பல்லு விஷயம் தப்புதான் சார்," என்று தம்பி குறுக்கே புகுந்தான்.

"எப்போடா தேய்ச்சே?" என்றார் அக்கா.

"இப்பப் போய்த் தேய்ச்சுட்டு வரேன். அப்புறம் தப்பாயிடும்ல?"

மேலாளர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "படகு நேரம் எதுவும் தப்பாப் போகலை. அதனால விடுறேன். என் நாற்காலிப் பக்கம் மட்டும் வராதே."

அன்றே அக்கா அந்தக் கடைசிப் பகுதியை ஒழுங்காகப் படித்து நிரலைத் திருத்தினார். பழைய வழி அடைபட்ட நாள் காலையில் தம்பி கயிற்றை அவிழ்த்துப் பொத்தானை அழுத்தினான். 'படகு புறப்பட்டது' என்று பதிவு சரியாக விழுந்தது. அதன் அடியில் அக்கரையிலிருந்து யாரோ கேட்டிருந்தார்: 'படகோட்டி பல் தேய்த்தாரா?'

இதற்கு மட்டும் நிரலை நம்பாமல், அக்கா தன் கையாலேயே பதில் தட்டினார்: 'தேய்த்தார். நானே பார்த்தேன்.'