பல்லேபொலையில் பார்த்து எடுத்த கிளி

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு வராமல் போன பிறகு, நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் அவள் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் தனியாகக் கிடந்தாள். பேச்சுத் துணைக்கு ஒரு கிளி கேட்டாள். மாத்தளைச் சந்தையில் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு வாரம்கூட இருக்கவில்லை, அவள் மடியிலேயே செத்தது. அதன் பிறகு அவள் கிளிப் பேச்சையே எடுக்கவில்லை.

பல்லேபொலையில் ஒரு வீட்டில் பேசும் கிளியைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று தோட்டத்துக்கு வந்துபோகும் இரத்தோட்டை மிளகு வியாபாரி சொன்னார். இந்த முறை நன்றாகப் பார்த்துத்தான் எடுப்பது என்று நினைத்துக்கொண்டேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தோட்டத்தில் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் கேட்டுக்கொண்டேன். மூக்குத் துளை, பின்புறத்து இறகு, எச்சம், நெஞ்செலும்பு என்றார்.

அது முஸ்லிம் வீடு. வீட்டுக்காரர் மௌத்தாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் மனைவி கணவனுக்குத் துக்கம் காக்கும் இத்தாவில் இருந்தார், அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார். அந்த அம்மாவுடைய தம்பிதான் கூண்டை விறாந்தைக்குக் கொண்டுவந்தார்.

“மச்சான்ட கொரல்லயே கூப்பிடுது. ஒவ்வொரு வாட்டியும் ராத்தா அழுவுறா. இனி வீட்டுல வெச்சிக்க ஏலாது,” என்றார்.

கிளி நிமிர்ந்து நின்று என்னைப் பளிச்சென்று பார்த்தது. மூக்கு சுத்தமாக இருந்தது. ஆனால் புது ஆளைக் கண்டால் கிளி நோயை மறைத்துக்கொள்ளும் என்று மாடு பார்க்கிறவர் சொல்லியிருந்தார். எச்சத்தைப் பார்க்கலாம் என்றால் கூண்டில் விரித்த தாளை அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். கேட்டுத்தான் ஆகவேண்டும். எனக்கு வாய் வருவதற்குள் கொடுத்த தேத்தண்ணி ஆறிவிட்டது.

“நல்லா சாப்பிடுதுங்களா?”

தம்பி உள்வாசல் திரைப் பக்கம் திரும்பினார். “ராத்தா, நல்லா தின்னுதான்னு கேக்குறாரு.”

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. “நாலஞ்சு நாளா கொய்யாவத் தொடல்ல. வாழப்பழம் கையில குடுத்தா கொஞ்சம் தின்னும்.”

தம்பி என் பக்கம் திரும்பினார். “நல்லா தின்னுதாம்.”

திரை எட்டித் தொடும் தூரத்தில் தொங்கியது. ஆனாலும் அந்தப் பெண் என்னிடம் பேசாத பேச்சை நான் கேட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

“எச்சம் எப்படிங்க?”

“தண்ணியாத்தான் போவுது,” என்றது உள்ளே இருந்த குரல்.

“ஒரு கொறையும் இல்லையாம்,” என்றார் தம்பி. “என்னங்க, பொண்ணு பார்க்க வந்தவரு மாதிரி கேக்குறீங்களே!”

நானும் சிரித்து வைத்தேன். கூண்டுக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவினேன். சதையே இல்லாமல் எலும்பு கத்தி முனைபோல் விரலில் தட்டியது. என் முகம் போன போக்கைத் தம்பி பார்த்துவிட்டார்.

“நீங்க எடுக்காட்டி அந்திக்குள்ள தோட்டத்துல விட்டுருவேன்,” என்றார். இறக்கை வெட்டிய கிளி அது. பூனைக்குத்தான் போகும்.

அப்போது உள்ளேயிருந்து, “அவங்க வீட்டுல பகல்ல யாரு ஈக்காங்கன்னு கேளு,” என்று குரல் வந்தது.

“சம்சாரம் இருக்குங்க. எந்திரிக்க முடியாது. பகல் பூரா படுக்கையிலதான்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் விளங்கியது. தம்பி இன்னும் என்னிடம் கேட்கவே இல்லை. அத்தனையும் என் காதில் விழுந்திருக்கிறது என்று நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். தம்பி தரையைப் பார்த்தார். உள்ளேயிருந்துதான் பதில் வந்தது.

“அப்ப கொண்டு போகட்டும். வாழப்பழத்த அந்தப் பொம்பளையோட கையாலயே குடுக்கச் சொல்லு.”

இந்த முறை தம்பி ஒரு சொல்லும் மாற்றாமல் என்னிடம் சொன்னார். நான் கூண்டைத் தூக்கிக்கொண்டேன்.

வாசல் படலையைத் தாண்டும்போது கிளி ஓர் ஆணின் குரலில், “புள்ளா, கதவத் தொற,” என்றது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ்ஸில் ஏறியதும் அது இறகைப் பொசுக்கென்று உப்பிக்கொண்டு கண்ணை மூடியது. அதற்குமேல் அதனால் நடிக்க முடியவில்லை.

“பார்த்துத்தானே எடுத்தீங்க?” என்றாள் மனைவி, நான் கூண்டை இறக்கி வைத்ததும்.

“பார்த்துத்தான்.”

அவள் அதன் நெஞ்சில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு கிளிக்கு வாழைப்பழத்தை உரித்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கேட்டேன். மனுசருக்கே இல்லை என்று சிரித்தார்கள். பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம் அது. எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கும் அதற்கு வாழைப்பழமும் தேடினேன். அது கதவைத் திறக்கச் சொல்லும்போதெல்லாம், “நான் எங்க எந்திரிக்க? நீயே தொறந்துக்கிட்டு வாய்யா,” என்பாள் அவள். எலும்பில் மட்டும் சதை பிடிக்கவே இல்லை. மழைக்காலம் முடியும் முன்னே இதுவும் அவள் மடியில்தான் போனது.

“அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிடாதீங்க,” என்றாள்.

மிளகு வியாபாரி கிளியைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுகிறேன். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

3.11.1974