பிரிக்காத பொட்டலம்

என் மகளுக்கு வலிப்பு வந்ததற்கு நான் கொடுத்த பிள்ளை மருந்துப் பொடிதான் காரணமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது. அதைக் கெடுத்தவள் நான்.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா முடிந்து சில மாதங்கள். காஜா பேராங் வட்டாரத்தில் எங்கள் வீட்டருகே ஒரு மருந்துக்கடை. அங்கே வாங்கும் சுக்கு, வசம்புப் பொடியைத் தாய்ப்பாலில் குழைத்துத் தினமும் மகளின் நாக்கில் தடவுவேன். ஒருநாள், கடைக்காரர் மூட்டைகள்மேல் ஏதோ வெள்ளையாகத் தூவிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே அது?"

"பூச்சி மருந்தும்மா. இல்லாட்டி வண்டு உங்களுக்கு முன்னாடி தின்னுரும்!"

பயந்தேன். மாமியாரிடம் சொல்லவும் பயந்தேன். மேலும் ஒரு வாரம் கொடுத்தேன். வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில்தான் அந்த வெள்ளைத் தூளைப் பற்றிச் சொன்னேன்.

"பூச்சி மருந்து கலந்திருக்கான்னு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். பிள்ளை சாப்பிட்ட பொடியைக் கொண்டு வாங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

வீட்டில் பொடி டின்னைத் திறந்தேன். நாக்கில் தடவிய விரலையே திரும்பத் திரும்ப விட்டதில் பொடி கட்டிகட்டியாக இருந்தது. எச்சில் பட்டதை இன்னொருவர் கையில் எப்படிக் கொடுப்பது? கால்வாயில் கொட்டிவிட்டு, டின்னைச் சாம்பல் போட்டுத் துலக்கினேன். அதே கடையில் புதுப் பொட்டலம் வாங்கி, பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பல வாரங்கள் கழித்து ஆய்வுக்கூடத்துச் சீட்டு வந்தது. பூச்சி மருந்து இல்லை.

"இதைத்தானே பிள்ளைக்குக் கொடுத்தீங்க?"

"இல்ல டாக்டர், அது எச்சி. இது புதுசு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி, "படிச்சவங்கதானே நீங்க?" என்றார்.

மாமியாருக்குச் சீட்டில் இருந்தது மட்டும் தெரியும். "நல்ல மனுஷன், அந்தக் கடைக்காரர்மேல பழி போட்டியே! ஏழாவது படிச்சா டாக்டராயிட முடியுமா?" கணவர் சிரித்தார்.

வலிப்பு மறுபடி வரவில்லை. ஆஸ்பத்திரி மருந்தாலா, பொடியை நிறுத்தியதாலா?

இப்போது அடுத்துப் பிறந்த மகனுக்கு மூன்று மாதம். மாமியார் வாங்கி வைத்த அதே கடைப் பொடி, அதே டின். நான் வெறும் பாலைத் தடவிவிட்டு, மருந்து கொடுத்தாயிற்று என்கிறேன். நேற்று மாமியார் டின்னைத் திறந்து பார்த்தார்.

"பொடி கொறையவே இல்லியே? திங்கக்கிழமையிலேருந்து நானே கொடுக்கிறேன். அதான் சீட்டே வந்திருச்சே."

அந்தச் சீட்டைப் பொய்யாக்கியது நான்தான் என்று அவரிடம் சொல்லவா? சொன்னால் நம்புவாரா? இல்லை, டின்னைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த டாக்டர் முன்னால் போய் நிற்கவா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.