பெரட்டுக்கு வராத கம்பெனி

போன வாரம் கொல்லங்கோட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தாள். இந்த ரோட்டில் எப்படித்தான் விரலில் பூசாமல் நகத்தில் மட்டும் பூசினாளோ! அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குச் சட்டக் கல்லூரி விடுதி அறை ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டென்சில் தாளில் தட்டச்சுப் பிழை விழுந்தால் மேலே தடவ ஒரு சிவப்புத் திரவம் வைத்திருப்போம். அதற்கும் இதே நெடிதான்.

எழுபதுகளின் நடுவில் மாணவர்கள் நாங்களே கம்பெனிச் சட்டத்துக்கென்று இங்கிலீஷில் ஒரு பத்திரிகை நடத்தினோம். சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுப்பது. ஆசிரியர் நான். நான் கண்ணால் பார்த்த கம்பெனி எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ் கம்பெனி ஒன்றுதான். அப்பா நெல் விவசாயி. "கம்பெனி கம்பெனின்னு திரியறயே, நம்மூட்டு எருமைக்கு அது புல்லுப் போடுமாடா?" என்பார்.

என் அறைக்காரன் செல்வராஜ். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவன். அவன் அம்மா பேச்சியம்மாள் அங்கே காய் எடுத்தவர். வேலையிலிருந்து நின்ற பிறகும் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று தோட்டத்துக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. திடீரென்று தோட்டம் வேறு கம்பெனியின் பெயருக்கு மாறியது. முதலாளிகள் அதே ஆட்கள்தான். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வாக்குக் கொடுத்தது வேறு கம்பெனியாம்! அயோக்கியத்தனத்தை இவ்வளவு சுத்தமாகச் செய்யச் சட்டம் படித்தவன்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த விடுமுறையில் நானும் அங்கே போனேன். சட்டப்படி கம்பெனியும் ஒரு ஆள்தான், முதலாளி வேறு, அது வேறு என்று அந்த அம்மாவுக்கு விளக்கினேன். பரீட்சைக்குப் படித்ததை வேறு யாரிடம் காட்டுவது? அவர் கட்டன் சாயாவை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆளா? அப்ப நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வரச்சொல்லுங்க தம்பி. பேரு கூப்பிட்டா நாங்கல்லாம் வந்து நிக்கோம்லா? அதுவும் நிக்கட்டும். மூஞ்சியப் பாத்துருவோம், பழைய ஆளா புது ஆளான்னு."

பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செல்வராஜ் கட்டுரை எழுதினான். கம்பெனி என்ற முகத்திரையை விலக்கி, பின்னால் இருப்பது யாரென்று கோர்ட் பார்க்கலாம் என்பது வாதம். நடுவில் அம்மா சொன்னதை இங்கிலீஷில் வைத்திருந்தான். நான் அந்த வரிகளைக் கோடு போட்டு வெட்டினேன்.

"அடிக்குறிப்பு எங்கடா? உங்கம்மா எந்த ஹைகோர்ட் ஜட்ஜு?"

"சீக்கிரம் போடுல. வக்கீல்ட்ட குடுக்கணும்."

இன்னும் தீர்ப்புகள் வேண்டும் என்று இரண்டு மாதம் நிறுத்தி வைத்தேன். கையெழுத்துப் பிரதியையே வக்கீலிடம் கொடுத்திருக்கலாம். இரண்டு மடையர்களுக்கும் அது தோன்றவில்லை. மையில் உருண்டு வந்தால்தான் அது சட்டம் என்று நம்பினோம்.

இதழ் வந்தபோது பேச்சியம்மாள் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு போடியில் தங்கை வீட்டில் இருந்தார். வக்கீல் படித்துவிட்டு, "நல்ல பாயிண்டு. சாவியக் குடுக்குறதுக்கு முன்னாடி கொண்டுவந்திருந்தா தடை வாங்கியிருப்பேனே" என்றாராம். செல்வராஜ் என்னைத் திட்டவில்லை. இதழைப் புரட்டினான்.

"எல்லாம் சரிதாம்ல. எங்கம்மா எங்க?"

பத்திரிகை அடுத்த வருடமே நின்றது. லயத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது டூரிஸ்டுகள் தங்குகிறார்கள். பேச்சியம்மாளும் போய்விட்டார். அந்த இதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. முகத்திரையைப் பற்றி அதில் பதினோரு தீர்ப்புகள். பதினொன்றும் சேர்ந்து சொல்வதை அந்த அம்மா சாயா ஆறுவதற்குள் சொல்லியிருந்தார். செல்வராஜ் அதை இங்கிலீஷில் எப்படி எழுதியிருந்தான் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. கைப்பிரதியை ஸ்டென்சில் அடித்த அன்றே கிழித்துப் போட்டுவிட்டேன்.