கேட்காமல் போட்ட ஆமென்

வெள்ளிக்கிழமை வந்தால் எபினேசருக்குக் கால் தரையில் நிற்காது. உலகத்தில் எந்த மூலையில் எந்த ஹெவி மெட்டல் இசைக் கூட்டம் புது ஆல்பம் போட்டாலும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியிடும். அவனுடைய சபையில் உபவாச ஜெபமும் அதே வெள்ளிக்கிழமைதான். காலையில் மெட்டல், மாலையில் ஜெபம். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சபையில் யாரிடமும் மாட்டாமல் ஓட்டியதே பெரிய சாமர்த்தியம்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கம்பி உருட்டும் ரோலிங் மில் ஒன்றில் அவன் கிரேன் ஆபரேட்டர். அப்பா தானியேல் ஊரார் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மகன் ஐ.டி.ஐ. முடித்து, கீழே செக்கச் செவேலென்று கம்பி ஓட, மேலே கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். சேர்ந்த புதிதில், மிசோரமிலிருந்து வந்திருந்த ஒரு வெல்டர் சாப்பாட்டு நேரத்தில் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி இவன் காதில் செருகினான். எபினேசர் முதலில் பயந்துதான் போனான். அப்புறம், மில் போடும் சத்தத்துக்கு யாரோ உட்கார்ந்து மெட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

“உன் பாட்டப் போட்டா அடுப்புல கீற பாலு திரிஞ்சிடும்யா” என்பாள் மனைவி ஏஞ்சலின். ஆனால் அவனுக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். சத்தம் வெளியே வராமல் இருக்க என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

சபையில் அவன் பேஸ் கிடார் வாசிக்கிறான். கிடார் சபையுடையது, அவனுக்கென்று சொந்தமாக ஒன்று கிடையாது. கற்றுக்கொண்டதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடித்த கம்பியில் விரல் படாவிட்டால் அவனுக்கு அந்த வாரமே உப்புச் சப்பில்லாமல் போய்விடும்.

இனி, அவன் மாட்டிக்கொண்ட கதை. வாட்ஸாப்பில் அவனுக்கு இரண்டு குழுக்கள். ஒன்று சிப்காட்டிலும் ரயிலிலும் சேர்ந்த மெட்டல் பைத்தியங்களுடையது. இன்னொன்று சபையின் ஜெபக் குழு. இரண்டுமே வெள்ளிக்கிழமைதான் சூடு பிடிக்கும் என்பதால் அன்று போனில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக மேலே ஏறி நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸின் குலுக்கலில் அவன் கட்டை விரல் ஒரு வரி தவறிவிட்டது.

அவன் பேசி அனுப்பியது இதுதான்:

“மச்சி, இந்த வாரம் மூணு கீது. மொதல்ல ஜெர்மனிக்காரப் பொண்ணு ஒண்ணு, தனியா குந்திக்கினு கம்ப்யூட்டர்லயே செஞ்ச எலக்ட்ரானிக்கு. பஸ்ல ஜன்னலாண்ட குந்திக் கேளு, பாக்கற ரோடே வேற மாரி தெரியும். ரெண்டாவது பெங்களூர் பசங்களோட ராக்கு. சுமார்தான், நாலாவது பாட்ட மட்டும் கேட்டுட்டு வுட்டுடு. மூணாவதுதான் மேட்டரு. நார்வே பேண்டு, மெட்டலு. பாடறவனோட தம்பி செத்துட்டானாம். அந்த துக்கத்துல போட்ட ஆல்பம். இன்னா கத்து கத்தறான் தெரியுமா! வார்த்த புரியலன்னா பரவால்ல, கேளு.” கடைசியில் வழக்கம்போல் அந்தப் பாட்டிலிருந்தும் ஒரு துண்டு சேர்த்திருந்தான்.

அனுப்பிவிட்டு போனை மில் லாக்கரில் வைத்துப் பூட்டினான். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் ஜெபக் குழுவில் ஆமென், ஆமென், ஆமென். திரையை மேலே தள்ளத் தள்ள ஆமென்.

அந்தக் குழுவின் வழக்கம் அது. எது வந்தாலும் கண்ணில் பட்டதற்கு அடையாளமாக ஓர் ஆமென் போட்டுவிட வேண்டும். பாஸ்டர் வசனம் போட்டாலும் ஆமென், பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஆமென். ஒருமுறை, இன்றைக்குத் தண்ணி லாரி வராது என்று யாரோ போட்டதற்கும் பயபக்தியோடு ஆமென் விழுந்தது. இவன் அனுப்பியதற்கு முதலில் விழுந்த ஆமென் சபைச் செயலாளர் அன்புவுடையது. அடுத்தது பாஸ்டர் பாக்கியநாதனுடையது. எல்லாவற்றுக்கும் கீழே, சாவகாசமாகக் கேட்டுப் பார்த்த அன்பு மறுபடி எழுதியிருந்தார்: “பிரதர், இது என்ன பேய்ச் சத்தம்? சாயந்திரம் பேசணும்.”

எபினேசர் தான் அனுப்பியதன் மேல் கட்டை விரலை வைத்தான். அழித்துவிடலாம்தான். கேட்டபிறகு அழித்தால் திருடன் போல ஆகிவிடாதா?

மாலை ஜெபம் எப்போதும்போல் நடந்தது. கைகளைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்கு அழுதார்கள், கத்தினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. எபினேசரின் கண் மட்டும் சுவரோரம் இருந்த கிடார் மேலேயே கிடந்தது. அதை அன்பு ஏற்கெனவே உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து வைத்திருந்தார்.

ஜெபம் முடிந்தது. சிலர் போகாமல் நின்றார்கள். அன்பு ஆரம்பித்தார். “பாஸ்டர், ஆராதனையில வாசிக்கற கை இது. அந்தக் கையால இந்தக் கர்மத்த அனுப்புனா இன்னா அர்த்தம்? கொஞ்ச நாளைக்கு கிடார் இங்கியே இருக்கட்டும்.”

“பிரதர், தெரியாம வந்துடுச்சி” என்றான் எபினேசர். அந்தப் பாட்டைத் தப்பு என்று சொல்லிவிட்டால் கிடார் கிடைத்துவிடும். அதுதான் அவனால் முடியவில்லை.

அப்போது பின்னால் பாய் சுருட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்தாள். கெமிக்கல் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலியாகப் பெருக்குகிறவள். போன வருஷம் அவளுடைய ஒரே பையன் ஹைவேயில் லாரி மோதிச் செத்துப்போனான்.

“அத்த நான் மூணு வாட்டி கேட்டேன் பாஸ்டரய்யா” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“நீங்கதான் அனுப்ப சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். தம்பி செத்துட்டான், அந்த துக்கத்துல கத்தறான்னு இந்த நைனாதான் சொல்லிக்கீதே. எம்புள்ளய எடுத்துக்கினு போனப்ப நான் இப்பிடித்தான் கத்துனேன். வார்த்த ஒண்ணும் வரல. அன்னிக்கி நீங்க இன்னா சொன்னீங்க? ‘கத்தும்மா, கர்த்தர் கேப்பாரு’ன்னீங்க. நான் கத்துனா கேப்பாரு, அவன் கத்துனா கேக்க மாட்டாரா?”

பாஸ்டர் தன் போனை எடுத்து, தான் போட்ட ஆமெனைத் தேடிப் பார்த்தார். பிறகு, “நான் கேக்காமலே ஆமென் போட்டேம்பா. இப்ப போடு, கேக்கறேன்” என்றார்.

சபையின் ஸ்பீக்கரில் அந்த நார்வேக்காரன் கத்தினான். அன்பு காதைப் பொத்திக்கொண்டார். பாதியில் பாஸ்டருடைய முகம் ஒரு மாதிரி ஆயிற்று; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டு முடிந்ததும், “எனக்கு இது புரியல. சபையில இத வாசிக்கவும் முடியாது” என்றார். கிடார் போனதுதான் என்று எபினேசர் முடிவு கட்டினான். “ஆனா அழுகைன்னு தெரியுது. கிடார எடுத்து வெளிய வை. ஞாயித்துக்கெழம சீக்கிரம் வந்துடு.”

எபினேசர் உறையின் ஜிப்பைத் திறந்து கிடாரை வெளியே வைத்தான். வீட்டுக்குப் போய் ஏஞ்சலினிடம் சொன்னான். அவள் அவனுடைய ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். “போடு, பாக்கலாம்” என்றாள். அவன் நார்வேக்காரனை விட்டுவிட்டு அந்த ஜெர்மனிப் பெண்ணைப் போட்டான். பால் திரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போன் சிணுங்கியது. ஜெபக் குழுவில் கன்னியம்மாவின் குரல், பின்னால் துடைப்பச் சத்தத்தோடு: “நைனா எபினேசரு, இந்த வாரம் இன்னா வந்துக்கீது? மனசாரக் கத்தறவன் எவனாவது கீறானா?”

எபினேசர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கீழே முதல் ஆளாக அன்பு போட்டுவிட்டார்: ஆமென்.