சோய்ஜில் சொன்ன ஒரு வரி

என் அக்கா கோர்லோவின் வீட்டுக்காரர் சோய்ஜில் அதிகம் பேசாதவர். இருபத்தாறு வருஷமாக நானூறு ஆடுகளோடு மலைக்கும் ஆற்றுக்கும் அலைகிறவர். தலைநகர் உலான்பாதரிலிருந்து படமெடுக்க வந்த டைரக்டருக்கு அந்தப் பேசாத முகம்தான் பிடித்துப்போனது.

"ஒத்தை மனுஷன், புல்வெளி, மௌனம். அவ்வளவுதான் படம்" என்றார்.

மோட்டார் பைக்கைக் கூடாரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்து அத்தானைக் குதிரையில் ஏற்றினார்கள். சோலார் தகட்டைக் கழற்றினார்கள். அக்காவிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கேமராவுல விழறீங்க" என்றார்கள். பத்தொன்பது நாள் தள்ளி நின்றாள். வந்த ஏழு பேருக்கும் மாவு பிசைந்து, இறைச்சி வேகவைத்துப் போட்டதும் அவள்தான்.

வசந்தத்தில் ஊர் மன்றத்தில் படத்தைத் திரையிட்டார்கள். அத்தான் குதிரையில் போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். பின்வரிசையில் ஒருவன், "சோய்ஜிலு, பொண்டாட்டி எப்பய்யா செத்தா? சொல்லவே இல்லையே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

முடியும் தறுவாயில் அத்தானின் குரல் கேட்டது. படத்தில் இருந்த ஒரே வசனம் அது. "தனியா இருக்கும்போதுதான் மனசு நிம்மதியா இருக்கு."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "அவங்க சொல்லச் சொன்னாங்களா, நீயா சொன்னியா?"

"குளிருது, வண்டியில ஏறு."

அவள் என் ஜீப்பில் வந்து ஏறிக்கொண்டாள்.

ஆடுகள் குட்டி போடும் காலம் அது. அக்கா பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நடுவில் பனிப்புயல் அடித்தது. ஒற்றை ஆளாக அவரால் எல்லாவற்றையும் உள்ளே சேர்க்க முடியவில்லை. எழுபது குட்டிகள் விறைத்துச் செத்தன. அதற்குப் பிறகுதான் அத்தான் வந்தார். கண்கள் குழி விழுந்திருந்தன. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அவங்க சொல்லச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

"ஏன்?"

"ஏதாவது பேசுங்கன்னாங்க. வாயில அதுதான் வந்துச்சு."

"ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உக்காந்து பேசித் தீத்துக்கோங்களேன்" என்றேன்.

"நீ சும்மா இருடா" என்றாள் அக்கா. அங்கியை மாட்டிக்கொண்டாள். "ஆட்டுக்காகத்தான் வரேன். உனக்காக இல்ல."

போன மாதம் அவர்கள் கூடாரத்துக்குப் போயிருந்தேன். அக்கா, அத்தான் முன்னால் உப்புத் தேநீரை வைத்துவிட்டு, மாடு கறக்க வெளியே போனாள்.

"இன்னும் பேசறதில்லையா அத்தான்?"

"பேசறா" என்றார். "ஆட்டப் பத்தி."